முதல் ஐயம்

வீட்டில் ஒரு பொருள் காணாமற் போனால், கைகள் பொருளைத் தேடத் தொடங்குவதற்கு முன்பே மனம் ஓர் ஆளைத் தேடிக் கண்டுவிடுகிறது. அந்த முதல் நொடியில் எவருடைய முகம் நம் அகக்கண்ணில் தோன்றுகிறதோ, அந்த முகம் அவரைப் பற்றிச் சொல்வதைவிட நம்மைப் பற்றியே மிகுதியாகச் சொல்லும். ஈகையும் இன்சொல்லும் பிறர் காணச் செய்யக்கூடியவை. வழிபாடும் நோன்பும் பழக்கத்தின் துணையால் நடந்தேறுபவை. அழைக்காமலே எழுகின்ற ஐயத்துக்கோ ஒப்பனை செய்ய நமக்கு நேரம் வாய்ப்பதில்லை. நடுவுநிலைமையை அறங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றிய நம் முன்னோர், அது முறைமன்றத்தில் அமர்ந்தோர்க்கு மட்டும் உரியதென்று ஒருபோதும் கருதியதில்லை. அடுக்களையிலும் கூடத்திலும், தெருமுனையிலும் பணியிடத்திலும், ஒவ்வொருவர் கையிலும் ஒரு துலாக்கோல் நாளும் தூக்கப்படுகிறது. அந்தத் துலாக்கோலின் முள் முதன்முதலில் எப்பக்கம் சாய்கிறது என்பதைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறேன்.

நான் ஈக்காட்டுத்தாங்கலில் வாழ்பவன். தாங்கல் என்பது தொண்டைநாட்டில் சிற்றேரிக்கு வழங்கும் பெயர். நீர் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்ட சென்னை ஊர்களுள் இதுவும் ஒன்று. இங்குள்ள மெட்ரோ நிலையத்தின் படிகளில் இறங்கி நடப்பவர், கால் மணி நேரத்துக்குள் கடைசல் பட்டறைகளின் இரும்புத்தூள் மணத்தையும், கண்ணாடிச் சுவர் எழுப்பிய கணினி நிறுவனங்களின் குளிர்ச்சியையும், தொலைக்காட்சி நிலையங்களின் வாயிற்காவலையும், அடையாற்றங்கரையின் சேற்று வாடையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துவிடலாம். அடுத்திருக்கும் கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் தோன்றியது, அது திரு.வி.க. பெயரைத் தாங்கி நிற்கிறது. தூய தமிழ் உரைநடைக்கு அணி சேர்த்த அப்பெரியார், 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது அதனை எழுப்பியவர்களுள் ஒருவராக நின்று, ஆலைத் தொழிலாளரின் வழக்கைத் தம் வழக்காகவே கொண்டவர். அவர் பெயர் தாங்கிய பேட்டையில் இன்று செய்திகளும் கதைகளும் இரவும் பகலும் ஒளிபரப்பாகின்றன. அவற்றுள் குற்றக் கதைகளுக்குக் குறைவே இல்லை.

2015 திசம்பரில் அடையாறு பெருகி இவ்வூரின் தெருக்களுக்குள் புகுந்த இரவில், மாடி வீட்டாரும் குடிசை வீட்டாரும் ஒரே இருளில் ஒரே நீரை அஞ்சி நின்றனர். வெள்ளம் ஆள் பார்த்துப் புகவில்லை. ஆனால் நீர் வடிந்த பின் எழுந்த வாழ்க்கை ஆள் பார்த்தே நடந்தது. மாடி வீட்டார் சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தனர். ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியில் பெரும்பாக்கத்து அடுக்கு வீடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டன. வீடு மாறியவர்களுக்கு வேலை மாறவில்லை. முன்பு பத்து நிமிடத்தில் நடந்து வந்த பெண்கள், விடியுமுன் எழுந்து பேருந்து மாறி வரத் தொடங்கினர். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, தரை துடைத்து, பத்தாண்டுகளுக்கு மேலாக எங்கள் நாட்களைத் தொடங்கிவைத்த அம்மையாரும் அவர்களுள் ஒருவர். மாற்றுச் சேலை, மதிய உணவு, மாத்திரைகள், பேருந்துக்குச் சில்லறை எனத் தம் ஒரு பகலை முழுவதும் ஒரு துணிப்பைக்குள் வைத்துத் தோளில் மாட்டி வருவார்.

2022 சூன் 17 அன்று 'சுழல்' என்னும் தமிழ்த் தொடர் அமேசான் பிரைம் தளத்தில் வெளிவந்தது. புஷ்கர், காயத்ரி இணையர் படைத்து எழுத, பிரம்மாவும் அனுசரண் முருகையனும் இயக்கிய எட்டுப் பகுதிகள். மலையடிவாரத்துச் சாம்பலூர் என்னும் கற்பனைச் சிற்றூர். அதன் வாழ்வை ஒரு சிமெண்டு ஆலை தாங்கி நிற்கிறது. மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்கும் வேளையில் ஆலை தீப்பற்றி எரிகிறது. அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் காணாமற் போகிறாள். பார்த்திபன், கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ், ஸ்ரேயா ரெட்டி ஆகியோர் நடித்த இத்தொடர், யார் குற்றவாளி என்ற வினாவோடு தொடங்கி, ஒருவரை நாம் ஏன் குற்றவாளியாக எண்ணினோம் என்ற வினாவில் நம்மை நிறுத்துகிறது. முடிவை இங்கே உரைப்பது பார்க்காதவர்க்குச் செய்யும் பிழையாகும். தொடக்கத்தைப் பற்றிச் சொல்வது போதும். ஆலை எரிந்தவுடன் ஐயம் சென்று தொடும் முதல் ஆள், கூலிக்காகக் குரல் உயர்த்திய தொழிற்சங்கத் தலைவர். கேட்டவன் கொளுத்தியிருப்பான் என்னும் எண்ணம், ஊரார்க்கும் காவலர்க்கும் மட்டுமின்றி, பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் இயல்பாகவே எழுகிறது. அந்த இயல்பைத்தான் அத்தொடர் மெல்ல மெல்ல நம் முன் விரித்துக் காட்டி நாணச் செய்கிறது.

குற்றக் கதை இந்த இடத்துக்கு வந்து சேர நெடுந்தொலைவு நடந்திருக்கிறது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவித் துப்பறியும் புதினங்களைத் தமிழுக்குத் தந்த காலத்தில், கதையின் இன்பம் புதிரை அவிழ்ப்பதில் இருந்தது. அவிழ்ந்ததும் நூலை மூடிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். கடந்த கால் நூற்றாண்டில் உலகெங்கும் அந்தக் கதையின் போக்கு மாறியது. செய்தியாளராக இருந்து கதையாசிரியரான டேவிட் சைமன் 2002 முதல் 2008 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடத்திய 'தி வயர்', பால்டிமோர் நகரத்துத் தெருமுனைச் சிறுவனையும் துறைமுகத் தொழிலாளியையும் பள்ளியையும் செய்தித்தாளையும் ஒரே வலையில் வைத்துக் காட்டியது. குற்றம் செய்தவனைப் பிடிப்பதோடு கதை முடிவதில்லை, அவனை அங்கே கொண்டு நிறுத்திய ஏற்பாட்டையும் விசாரிக்க வேண்டும் என்னும் அந்த நோக்கு, இன்று நம் மொழிக்கும் வந்திருக்கிறது. அது வரவேற்கத் தக்கது. எனினும், நெஞ்சைத் தொடும் கதை நெஞ்சைத் திருத்திவிட்டது என்று எண்ணி மகிழ்வதில் ஓர் இடர் உண்டு. அதை நான் நூலில் படித்து அறியவில்லை. என் வீட்டுக் கூடத்தில் அறிந்தேன்.

'சுழல்' வெளிவந்த ஆண்டின் ஆடி மாதத்தில் ஓரிரவுக்கு ஒரு பகுதியாக நாங்கள் குடும்பத்தோடு அத்தொடரைப் பார்த்து வந்தோம். எளியவர் மீது விழும் பழியைக் கண்டு என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டதையும், கல்லூரியில் படிக்கும் என் மகள் வெகுண்டு பேசியதையும், நான் அதற்கு வழிமொழிந்ததையும் நினைவில் வைத்திருக்கிறேன். அந்த வாரத்திலேயே, மனைவியின் தோடு ஒன்று காணாமற் போயிற்று. இணையில் ஒன்று பேழையில் இருந்தது, மற்றொன்று இல்லை. மெத்தை புரட்டப்பட்டது, அலமாரி கலைக்கப்பட்டது, பிறகு எல்லோரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். அந்தப் பேச்சற்ற இடைவெளியில் எங்கள் மூவர் மனமும் ஒரே திசையில் சென்றதை, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்ததிலிருந்தே நான் அறிந்தேன்.

மறுநாள் காலை அந்த அம்மையார் வந்து பையைக் கூடத்து மூலையில் வைத்தபோது, என் மனைவி மிக மென்மையாகத்தான் கேட்டாள்: "அக்கா, அலமாரிப் பக்கம் துடைக்கும்போது தோடு ஏதாவது கண்ணில பட்டுச்சா?" குற்றஞ்சாட்டும் சொல் ஒன்றும் அதில் இல்லை. ஆனால் ஒரு வாழ்நாள் முழுவதும் இத்தகைய வினாக்களைக் கேட்டுப் பழகிய செவிக்குச் சொல் வேண்டியதில்லை. அவர் விடை சொல்லவில்லை. மூலைக்குச் சென்று பையை எடுத்து வந்தார். கூடத்தின் நடுவில் அமர்ந்தார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மடித்த சேலை ஒன்று, மூடியை நூலால் கட்டிய உணவுக் குப்பி, சீப்பு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, குடும்ப அட்டையின் படி, கைக்குட்டையில் முடிந்த சில்லறை. ஒவ்வொன்றையும் எடுத்து உதறிக் காட்டி, இறுதியில் பையின் உட்புறத்தையும் வெளியே இழுத்துக் காட்டினார். "நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. "ஐயோ, அதெல்லாம் எதுக்குக்கா" என்று என் மனைவி பதறினாள். என் மகள் அறைக்குள் போய்விட்டாள். நான் நாளிதழை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, படிக்காத வரிகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு நாட்களுக்குப் பின் தோடு கிடைத்தது. அதன் திருகாணி தளர்ந்திருக்கிறது, பத்தரிடம் காட்டி வாருங்கள் என்று என் மனைவி ஒரு மாதத்துக்கு முன்பு என்னிடம் தந்திருக்கிறாள். நான் அதை நாட்காட்டித் தாளில் மடித்து, பழைய மூக்குக்கண்ணாடியின் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். புதிய கண்ணாடி வந்ததும் பழைய கூட்டை மறந்துவிட்டேன். தந்தவளும் மறந்தாள், பெற்றவனும் மறந்தேன். அந்தக் கூடு அத்தனை நாளும் என் தோள்பையிலேயே கிடந்தது. வீட்டில் இருந்த பைகளுள் கவிழ்த்துப் பார்க்கப்படாத பை அது ஒன்றுதான். அதைக் கவிழ்க்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும், எனக்கும்கூட, எழவே இல்லை.

இந்த நிகழ்ச்சியை நினைக்கும்தோறும் என் மனம் மதுரைக் காண்டத்துக்குச் செல்கிறது. சிலம்பின் கதை நமக்குக் கற்பின் கதையாகவும் ஊழின் கதையாகவும் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. முதல் ஐயம் தவறான ஆள்மீது விழுந்த கதையாகவும் அதைப் படிக்கலாம். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அரண்மனைப் பொற்கொல்லன். பழி விழுந்ததோ அவ்வூரில் தன்னை அறிந்தார் எவரும் இல்லாத கோவலன்மீது. அரசியின் ஊடல் தணிக்க விரைந்துகொண்டிருந்த பாண்டியன், ஆராயாமல் ஆணை தந்தான். நாம் அரசனையும் கொல்லனையும் பழித்து நின்றுவிடுகிறோம். இளங்கோவடிகளோ அவர்களுக்கு நடுவே காவலர் சிலரையும் நிறுத்திக் காட்டுகிறார். கோவலனைக் கண்டதும் அவர்கள், இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொலைக்கு உரியவனாகத் தோன்றவில்லையே என்கின்றனர். உடனே பொற்கொல்லன் நகைத்து, கள்வர்க்குத் துணைநிற்கும் மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டையும் எண்ணி எண்ணி எடுத்துரைக்கிறான். நல்லவன் போலத் தோன்றுவதே கள்வனின் திறம் என்று ஆக்கிவிடுகிறான். இளைஞன் ஒருவன் தான் கண்ட கள்வன் ஒருவனின் கதையைச் சொல்கிறான். பேச்சு நீள்கிறது. அந்தப் பேச்சின் நடுவில், கல்லாத குடிவெறியன் ஒருவன் வாளை ஓச்சிவிடுகிறான்.

வாளை ஓச்சியவன் ஒருவன்தான். உண்மை கண்ணில் பட்டும் கையை நீட்டித் தடுக்காதவர்கள் மற்றவர்கள். இவன் கள்வன் அல்லன் என்று தோன்றியவர்களின் வாய்ச்சொல் காப்பியத்தில் நிலைத்துவிட்டது. ஆனால் அச்சொல் ஓர் உயிரைக் காக்கவில்லை. அறிவது வேறு, அறிந்ததற்காக எழுந்து நிற்பது வேறு என்பதை அந்தச் சிறு காட்சியைவிடத் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் அறியேன். அந்த அம்மையார் களவாடியிருக்க மாட்டார் என்று, பை கவிழ்ந்த அந்த நொடியில், எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இருந்தும் நாளிதழைத் தாழ்த்தவில்லை. அரசனைப் போலத் தீர்ப்பளிக்கவில்லை, கொல்லனைப் போலப் பொய் சொல்லவில்லை என்று நான் ஆறுதல் கொள்ளலாம். ஆயினும் அந்தக் காவலர் வரிசையில் எனக்கும் ஓரிடம் இருக்கிறது.

ஒரு வீட்டின் ஐயம் ஒரு பையைக் கவிழ்ப்பதோடு நிற்கிறது. ஓர் அரசின் ஐயம் குடிகளையே கவிழ்த்துவிடும். ஆங்கிலேயர் 1871-இல் வட இந்தியாவில் கொண்டுவந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரித்த குற்றப் பரம்பரைச் சட்டம், குறிப்பிட்ட குடிகளில் பிறந்தவரைப் பிறப்பாலேயே குற்றவாளி எனப் பதிந்தது. தென்பாண்டி நாட்டார் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பெருவிரலில் மை பூசிப் பதிய வேண்டும், ஊரைவிட்டுச் செல்ல ஒப்புதல் பெற வேண்டும், இரவுகளில் காவலரின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். எந்தக் குற்றத்துக்காக என்று கேட்டால், இனிச் செய்யக்கூடிய குற்றத்துக்காக என்பதே விடை. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்பிரல் 3 அன்று, ரேகை பதிய மறுத்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு உயிர்கள் மண்ணில் சாய்ந்தன. நாடு முழுவதும் அச்சட்டம் நீங்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் ஏட்டிலிருந்து நீங்கிவிட்டது. மனத்திலிருந்தும் நீங்கிற்றா என்பதை அடுத்து வந்த பல பத்தாண்டுகளின் நிகழ்ச்சிகள் சொல்லும்.

1993-இல் தென்னார்க்காட்டில் ஒரு வீட்டில் நகை களவு போயிற்று. ஐயம், முதனைச் சிற்றூரின் விளிம்பில் வாழ்ந்த எளிய உழைப்பாளி ஒருவர்மீது விழுந்தது. கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவி கேட்ட நீதிக்காக அந்நாளில் வழக்கறிஞராக இருந்த சந்துரு வாதிட்டார். காவலர்க்கு உயர் நீதிமன்றம் தண்டனை விதித்தபோது ஆண்டு 2006 ஆகியிருந்தது. 2021-இல் வெளிவந்த 'ஜெய் பீம்' படத்தின் மூலமாக அந்தக் கதையை நாடே கண்டது; கண்டு கலங்கியது. கலங்கிய நான்காவது ஆண்டில், 2025 சூன் மாத இறுதியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவர், வழிபட வந்தவரின் காரில் இருந்த நகை காணாமற் போன புகாரில் விசாரிக்கப்பட்டபோது உயிரிழந்தார். காவலர் ஐவர் கைதாயினர். வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. அந்தக் காரின் சாவியை வாங்கிய கை அவ்விளைஞருடையது. ஐயம் எழ அது ஒன்றே போதுமானதாக இருந்தது. முதனைக்கும் மடப்புரத்துக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். நகையும் ஐயமும் எளியவன் உடலும் மட்டும் மாறவில்லை.

விசாரணை என்பது நம் மொழியில் ஒரு காலத்தில் அன்பான சொல். உறவினரைக் கண்டால் நலம் விசாரிப்போம். ஊருக்குச் செல்பவரிடம் விசாரித்ததாகச் சொல்லச் சொல்வோம். அதே சொல், எளியவர் வாழும் தெருக்களில் வேறு பொருள் பெற்றுவிட்டது. விசாரணைக்கு வா என்ற அழைப்பைக் கேட்டால் அங்கே அடுப்பு அணைந்துவிடும். 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த ஏறத்தாழ 5,73,000 பேருள், ஏறத்தாழ 4,34,000 பேர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கினர் இன்னும் குற்றவாளிகள் என்று மெய்ப்பிக்கப்படாதவர்கள். இவர்கள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை; ஆனால் பிணைப்பணமும் வழக்கறிஞரும் உடையவன் வீட்டிலிருந்தே வழக்கை நடத்த, இல்லாதவன் ஐயத்தின் பேரிலேயே தன் ஆண்டுகளைச் செலுத்துகிறான் என்பதை இந்த எண்கள் நமக்கு உணர்த்த வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஐயமே கொள்ளக் கூடாதா? பொருள் களவு போவது உண்மை அல்லவா? எளியவர் குற்றம் செய்வதே இல்லையா? நேர்மையான வினாக்கள் இவை. வறுமை ஒருவரைக் கள்வராக்குவதும் இல்லை, சான்றோராக்குவதும் இல்லை. ஏழையை முன்கூட்டியே குற்றவாளியாக்குவதும் முன்கூட்டியே தெய்வமாக்குவதும் அவரை நம்மைப் போன்ற மனிதராகக் காணாத இரு வழிகளே. ஆராய்தலை அறம் தடுக்கவில்லை. ஆராய்வதற்கு முன்பே தெளிந்துவிடுவதையே தடுக்கிறது. வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில், ஆராயாமல் ஒருவரை நம்புவதையும், ஆராய்ந்து நம்பியவரிடத்தே பின்னர் ஐயுறுவதையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டும் தீராத துன்பம் தரும் என்று முடிக்கிறார். பத்தாண்டுகள் எங்கள் வீட்டுத் திறவுகோலை வைத்திருந்தவரை, ஒரு தோட்டுக்காக ஐயுற்ற நான், அந்த இரண்டாவது பிழையைச் செய்தவன். ஒருவரை வீட்டுக்குள் விடும்போது ஆராயலாம். ஆண்டுக்கணக்கில் அவர் உழைப்பை உண்ட பின், ஒவ்வோர் இழப்பின்போதும் அவரை மீண்டும் வாயிலில் நிறுத்துவது நன்றி மறத்தலின் ஒரு வகை.

'சுழல்' தொடரை இயக்கியவர்களுள் ஒருவரான பிரம்மாவின் படம் ஒன்று, அதற்கு முன் 2015-இல் வெளிவந்தது. ஓர் ஆசிரியை அறைந்த அறையில் ஒரு மாணவன் மயங்கி விழ, அந்த ஒரு நொடிச் செயலின் பின்விளைவை ஒரு பகலும் இரவுமாகத் தொடர்ந்து செல்லும் படம் அது. மாணவனின் தாய் ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர். அப்படத்துக்குப் பிரம்மா இட்ட பெயர் 'குற்றம் கடிதல்'. அது திருக்குறளின் ஓர் அதிகாரப் பெயர். குற்றத்தைக் கடிதல் என்றவுடன் பிறர் குற்றத்தைத் தண்டிப்பது என்றே நாம் எண்ணுவோம். அவ்வதிகாரமோ தன்னிடத்து உள்ள குற்றத்தைக் கடிவதைப் பற்றியது. முதலில் தன் குற்றத்தை நீக்கிப் பிறகு பிறர் குற்றத்தைக் காணும் அரசனுக்கு எந்தப் பழியும் வாராது என்பது அதன் சாரம். குற்றக் கதைகளைக் காணும் நமக்கு இதைவிடத் தகுந்த வழிகாட்டுதல் இல்லை. திரையில் பிறர் சூழ்ச்சியைக் கண்டு வெகுள்வது எளிது. அந்த வெகுளிக்கு நாம் எதையும் இழக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் கூடத்தில் நாளிதழைத் தாழ்த்துவது அரிது; அதற்கு நம் பெருமிதத்தில் ஒரு பங்கை இழக்க வேண்டும். இழப்பில்லாத இரக்கம் கண்ணைக் கழுவும், பண்பைக் கழுவாது.

அதனால் கதைகள் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கதை ஒரு விதை. விதைத்தவனே உழுது நீர் பாய்ச்சவும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. அந்தத் தொடர் தன் கடமையைச் செய்தது; என் நிலம்தான் இறுகிக் கிடந்தது. உண்மையில், அத்தொடரைப் பார்த்திராவிட்டால், பை கவிழ்ந்த அந்தக் காலையில் என் முகம் சிவந்திருக்காது. நாளிதழுக்குப் பின்னால் ஒளியும் தேவையும் எனக்கு எழுந்திருக்காது. நாணம் பிறந்தது கதையின் கொடை. நாணத்தைச் செயலாக மாற்றாமல் விட்டது என் குறை.

அச்செயலின்மைக்கு விளைவு இல்லாமற் போகவில்லை. தோடு கிடைத்த மறுநாள், என் மனைவி அடுக்களை வாயிலில் நின்று, தாழ்ந்த குரலில், "கிடைச்சிடுச்சுக்கா" என்றாள். "அப்பாடா, நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் பாத்திரங்களிடம் திரும்பினார். கேட்டது கூடத்தில், எல்லோர் முன்னும். சொன்னது அடுக்களையில், ஒருவர் செவிக்கு மட்டும். அன்று முதல் அவர் தம் பையை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. வாயிற்கதவுக்கு வெளியே, செருப்புப் பலகையின் மேல் வைத்துவிட்டு உள்ளே வருவார். உணவு வேளையில் வெளியே சென்று குப்பியை எடுத்து வருவார். மாத்திரை வேண்டுமென்றால் மறுபடியும் எழுந்து செல்வார். உள்ளே வையுங்கள் என்று பலமுறை சொல்லிப் பார்த்தோம். "இருக்கட்டும்மா, அங்கயே இருக்கட்டும்" என்பதே விடை. சினமில்லை, குத்தலில்லை. தம்மைக் காத்துக்கொள்ளக் கற்ற ஒருவரின் அமைதி மட்டுமே அதில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முழங்கால் வலியால் வேலையை விட்டு நின்ற நாளில், நாங்கள் தந்த சேலையையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு, வெளியே சென்று, பலகைமேல் இருந்த பையில்தான் வைத்துக்கொண்டார்.

மழையிலும் வெயிலிலும் வாயிலுக்கு வெளியே இருந்த அந்தப் பையை என் மகள் இரண்டு ஆண்டுகளும் பார்த்து வளர்ந்தாள். பிள்ளைகள் நம் அறிவுரைகளைக் கேட்பதில்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். நம் முதல் ஐயங்களை அவர்கள் ஒன்றுவிடாமல் கற்றுக்கொள்கிறார்கள். யாரைக் கண்டால் கைப்பையை இறுகப் பற்றுகிறோம், எவர் வந்தால் அறைக் கதவைச் சாத்துகிறோம், எவரிடம் வினாவுகிறோம், எவரிடம் வினாவவே நினைப்பதில்லை என்பன எல்லாம் அவர்கள் ஏட்டில் எழுதப்படாமலே பதிகின்றன. அப்பிள்ளைகளே நாளை ஓர் அலுவலகத்தின் மேலாளராக, ஒரு காவல் நிலையத்தின் ஆய்வாளராக, ஒரு நீதிமன்றத்தின் நடுவராக அமரப் போகிறவர்கள். மடப்புரத்தில் நேர்ந்தது ஒரு காவல் குழுவின் குற்றம் என்று சொல்லி நாம் விலகிக்கொள்ள இயலாது. அங்கே பழுத்த ஐயம் எங்கோ ஒரு வீட்டுக் கூடத்தில் முளைத்ததே.

ஆகவே, படிப்போரை வேண்டுவது பெரிதொன்றுமில்லை. பொருள் ஒன்று தொலைந்தால், பிறர் பையை நோக்கி மனம் செல்லுமுன் நம் பையைக் கவிழ்த்துப் பார்ப்போம். கேட்டே தீர வேண்டுமென்றால், வீட்டில் உள்ள எல்லோரையும் ஒரே சொல்லால், ஒரே தொனியில் கேட்போம். வேலைக்கு வருபவரிடம் கேட்கும் வினாவை மகனிடமும் மருமகளிடமும் கேட்கும் துணிவு இல்லையென்றால், அவரிடமும் கேளாதிருப்போம். நம் கண்முன் ஒருவர் தம் பையைக் கவிழ்க்க முற்பட்டால், நாளிதழைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அந்தக் கையைத் தடுப்போம். பொருள் கிடைத்துவிட்டால், கேட்ட அதே கூடத்தில், கேட்ட அதே ஆட்களின் முன், கேட்ட அதே குரலில், பிழை எங்களுடையது என்று சொல்வோம்.